இரண்டே வாக்கில் நின்ற செனட் தேர்தல்

அவையோருக்கு வணக்கம். 1974 நவம்பரில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாக வாக்களித்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் ஒரு இடம். குடியரசுக் கட்சியின் லூயிஸ் வைமனும் ஜனநாயகக் கட்சியின் ஜான் டர்கினும் மோதினார்கள். முதல் எண்ணிக்கையில் வைமன் 355 வாக்கு முன்னிலை. மறு எண்ணிக்கையில் டர்கின் 10 வாக்கு முன்னிலை. தகராறான சீட்டுகளை மாநில ஆணையம் பார்த்து முடித்தபோது வைமனுக்கு 1,10,926, டர்கினுக்கு 1,10,924.

சீட்டுகள் அதேதான். முடிவு மட்டும் ஏன் மூன்று? யாரும் திருடியிருக்க வேண்டியதில்லை. அந்தச் சீட்டில் கட்சிக்கென்று ஒரு வட்டம் இருந்தது. அதில் குறியிட்டால் அக்கட்சியின் வேட்பாளர் எல்லோருக்கும் வாக்கு. தனித்தனிப் பெயர்களுக்கு எதிரேயும் கட்டங்கள் உண்டு. சிலர் குடியரசுக் கட்சி வட்டத்தில் குறியிட்டுவிட்டு, அக்கட்சியினர் ஒவ்வொருவருக்கும் தனியாகவும் குறியிட்டார்கள், வைமன் பெயரை மட்டும் விட்டுவிட்டு. இது வைமனுக்கு வாக்கா, இல்லையா? வட்டம் போதும் என்றது ஒரு தரப்பு. வேண்டுமென்றே விட்டார் என்றது மறுதரப்பு. எந்த விதியைக் கொள்கிறோமோ அதற்கேற்ப வெற்றியாளர் மாறுவார். இரண்டு வாக்கு வித்தியாசத்தில் எண்ணுகிறவரின் விதிதான் தீர்ப்பு எழுதுகிறது என்பேன்.

இந்தியாவில் இத்தகைய வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். அமெரிக்க அரசியலமைப்போ, தன் உறுப்பினரின் தேர்தலைத் தீர்மானிக்கும் உரிமையை அந்தந்த அவைக்கே தந்திருக்கிறது. அங்கேதான் சிக்கல்: நீதிபதிகளே கட்சிக்காரர்கள். வழக்கை முதலில் ஆராய்ந்த செனட்டின் விதிகள் குழுவில் ஜனநாயகக் கட்சிக்கே பெரும்பான்மை. ஆனாலும் அக்கட்சியைச் சேர்ந்த அலபாமாவின் ஜேம்ஸ் ஆலன் தம் கட்சிக்கு மாறாக எதிர்த்தரப்போடு வாக்களித்ததால், 27 சீட்டுகளில் குழு 4-க்கு 4 என்று முட்டி நின்றது. விவகாரம் முழு அவைக்கு வந்தது. அங்கே 100 மணி நேரத்துக்கு மேல் விவாதம், 41 வாக்கெடுப்புகள். தகராறான 35 விஷயங்களில் தீர்ந்தது ஒன்றே ஒன்று. விவாதத்தை முடித்துவைக்கவே 60 வாக்கு வேண்டும், அது சேரவில்லை.

கடைசியில் டர்கினே மறுதேர்தலுக்கு இசைந்தார். 1975 ஆகஸ்ட் 8 முதல் இடம் காலி என்று செனட் அறிவித்தது. முன்பு அதே இடத்தில் செனட்டராக இருந்து ஓய்வுபெற்றிருந்த நாரிஸ் காட்டன் இடைக்காலத்துக்கு நியமிக்கப்பட்டார். மறுதேர்தல் முடிவை மாதக்கணக்கில் முன்பே எடுத்திருக்கலாம். அத்தனை நாளும் அந்த மாநில மக்களுக்குச் செனட்டில் ஒரு குரல் குறைந்தது. செப்டம்பர் 16-இல், நவம்பரில் வாக்களித்தவர்களைவிட அதிகமானோர் வந்து வாக்களித்தார்கள். டர்கின் 27,000-க்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார்.