சத்தம் வரும் வழி

வணக்கம் நேயர்களே. களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் பெரும்பாலும் வீட்டைச் சுற்றி வளவு இருக்கும். அடுத்த வீட்டு ரேடியோ வேலியைத் தாண்டி வருவதற்குள் பாதி அடங்கிவிடும். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ மாடிக் குடியிருப்பில் குடியேறும் குடும்பத்துக்கு அந்த இடைவெளி கிடைப்பதில்லை. “பிள்ளைகளுக்கு நித்திரையே இல்லை அம்மா” என்று மகள் தொலைபேசியில் சொன்னால், நீங்கள் முதலில் கேட்க வேண்டியது: சத்தம் எந்த வழியால் வருகிறது?

வழி இரண்டு. பேச்சு, தொலைக்காட்சி, தெரு வாகனம் காற்றால் வரும். காலடி, கதிரை இழுப்பது, மெசினின் அதிர்வு எல்லாம் கட்டடத்தின் உடம்பு வழியாக வரும். ஓர் இரவு அறைக் கதவின் கீழ் இடுக்கில் துவாயைச் சுருட்டி இறுக்கி வைக்கச் சொல்லுங்கள். சத்தம் குறைந்தால் அது கதவு வழியாக, காற்றால் வந்தது. யன்னலையும் இதேபோல் சோதிக்கலாம்.

காற்றால் வருவதற்குச் செலவு குறைவு. சுவர் எவ்வளவு தடிப்பானாலும், கதவின் கீழே 10 மி.மீ. இடுக்கு இருந்தால் பயனில்லை. பக்கத்திலும் மேலேயும் உள்ள இடுக்குக்குக் கதவு நிலையில் ஒட்டும் ரப்பர் பட்டி போதும்; கீழ் இடுக்குக்குக் கதவின் அடியில் பொருத்தும் பட்டி வேண்டும். இடுக்கு 4 மி.மீ. என்றால் 6 மி.மீ. பட்டி எடுங்கள், கதவு சாத்தும்போது அது நசுங்கினால்தான் அடைக்கும். அதைவிடத் தடிப்பாக வாங்கினால் பூட்டு விழாது. ஒட்டும் இடத்தைத் துடைத்துக் காயவிடாவிட்டால் சில கிழமைகளில் கழன்றுவிடும். முட்டைத் தட்டு, ஸ்பொஞ்ச் தகடு சுவரில் ஒட்டிக் காசை வீணாக்க வேண்டாம். அவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, அடுத்த வீட்டுச் சத்தத்தை மறிக்காது.

மேல்மாடிக் காலடிதான் கடினமானது. மரச்சட்டத் தளமுள்ள பழைய வீடுகளில் குதிகால் பட்டாலே கீழே இடிக்கும். அதைக் கீழிருந்து எளிதில் அடக்க முடியாது. மேலே உள்ளவர் விரிப்பின் கீழ் தடித்த ரப்பர் விரிப்பும், கதிரைக் கால்களுக்குக் கம்பளித் துண்டும் போட வேண்டும். கோபம் ஏறிய இரவில் போய்க் கதவைத் தட்டாமல், பகலில் முகம் பார்த்துக் கேட்பதே பலன் தரும்.

நம்மவர் வீட்டிலிருந்தும் சத்தம் போகும். உரலையும் கிறைண்டரையும் வெறும் தளத்தில் வைக்க வேண்டாம். கீழே தடித்த ரப்பர் விரிப்பு வேண்டும். புது வாஷிங் மெசின் வீடே குலுங்க ஓடினால், பின்புறம் தொட்டியைப் பிடித்திருக்கும் போக்குவரத்து ஆணிகள் கழற்றப்படாமல் இருக்கலாம். அவற்றைக் கழற்றியபின் நான்கு கால்களையும் திருகி மட்டம் பார்க்க வேண்டும். ஜேர்மனியில் வழக்கமாக இரவு 10 முதல் காலை 6 வரையும், ஞாயிறு முழுவதும் அமைதி நேரம். அப்போது இடிப்பது, துளைப்பது எதுவும் கூடாது.

பேசியும் தீராவிட்டால் இரண்டு கிழமை குறிப்பு எழுதட்டும்: திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன சத்தம், எந்த அறை. வீட்டுக்காரரிடமும், இங்கிலாந்தானால் உள்ளூர்ச் சபையிடமும் இந்தக் குறிப்போடு போனால்தான் முறைப்பாட்டுக்குப் பலம். அங்கே 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு இடமுண்டு.

ஒரு எச்சரிக்கை. யன்னலுக்கு மேலும் சுவரிலும் உள்ள காற்றுத் துவாரங்களைச் சத்தத்துக்குப் பயந்து அடைக்கக் கூடாது. குளிர்காலத்தில் சமையல் ஆவி வெளியேறாமல் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். எரிவாயு ஹீட்டர் உள்ள வீட்டில் உயிருக்கே ஆபத்து.