நிந்தை என்ற ஒரு சொல் போதாது

நடுவர் ஐயா அவர்களுக்கும், வற்றாப்பளைப் பொங்கலை முன்னிட்டுக் கூடியிருக்கும் ஊரவர்களுக்கும் வணக்கம்.

"புனிதமானதை மதியாத செயல் எதுவானாலும் அதற்குத் தெய்வநிந்தை என்ற ஒரு சொல்லே போதும்" என்று எதிரணி அக்கா வாதாடிவிட்டு அமர்ந்திருக்கிறார். சொல்லைப் பிரித்துக்கொண்டே போனால் குற்றவாளி இலேசான சொல்லுக்குள் ஒளிந்துகொள்வான் என்பது அவருடைய கவலை. அது நியாயமான கவலைதான். ஆனால் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் குற்றமே செய்யாத சனமும் அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும் ஐயா.

துடக்கை, அதாவது சாவீட்டுத் தீட்டை, எடுங்கள். செத்தவீடு நடந்த வீட்டார் கோயில் வாசல் மிதிப்பதில்லை. அவர்கள் என்ன பிழை செய்தார்கள்? துடக்கு என்பது ஒரு நிலை. நாள் போகக் கழியும். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்து, முப்பத்தொராம் நாள் கிரியை செய்யவும் வழியில்லாமல் செட்டிகுளம் முகாமுக்குள் கிடந்தவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். துடக்கு கழிக்காமல் சாமியைக் கும்பிட்டவர்கள் என்று அவர்கள்மேல் நிந்தைப் பழியைப் போட யாருக்கு மனம் வரும்?

அபசாரம் என்றொரு சொல்லும் எங்களிடம் இருக்கிறது. முறை தெரியாமல் செருப்போடு உள்வீதிக்கு வந்த பிள்ளை செய்தது அபசாரம். சொல்லிக்கொடுத்தால் கழற்றிவிடும். பூசை முடிவில், தெரிந்தும் தெரியாமலும் செய்த குறைகளைப் பொறுத்தருளச் சொல்லி ஐயரே வேண்டிக்கொள்கிறார்.

இனி அன்பினால் ஏசுவது. சுந்தரர் இறைவனை நேருக்கு நேர் பித்தன் என்றார். சாக்கிய நாயனார் நாள்தோறும் இலிங்கத்தின் மேல் கல்லெறிந்தார். ஒருவர் ஏசினார், மற்றவர் எறிந்தார். இருவரையும் அறுபத்துமூவரில் வைத்துக் கும்பிடுகிறோம். ஏசுவதுபோலப் போற்றுவதற்கு நிந்தாஸ்துதி என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

ஐயா, இன்னும் கிட்ட வருகிறேன். நந்திக்கடல் ஓரத்தில், இந்த வற்றாப்பளையில், யாரை வைத்துக் கும்பிடுகிறோம்? சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிப்பது யாருக்காக? கணவனை வெட்டிய செய்தி கேட்டு மதுரைத் தெருவில் நின்று, "தெய்வமும் உண்டுகொல், தெய்வமும் உண்டுகொல்" என்று கேட்ட பெண்ணுக்காக. தெய்வம் இருக்கிறதா என்று நடுத்தெருவில் கேட்டவள் அவள். அக்காவின் ஒற்றைச் சொல்லை வைத்து அளந்தால் கண்ணகியும் தெய்வத்தை நிந்தித்தவள்தான். அவளுடைய பொங்கலை எங்கே வைப்பது? அவள் கேட்டது முறைப்பாடு. நீதி தரவேண்டிய இடத்தில் நீதி கிடைக்காதபோது எழும் கேள்வி அது. இதே நந்திக்கடல் கரையில், பதுங்குகுழிக்குள் இருந்துகொண்டு "கடவுளே, நீ இருக்கிறியா?" என்று கத்திய தாய்மாரும் அதைத்தான் கேட்டார்கள். அந்தக் குரலுக்கு நிந்தை என்று பெயர் வைக்க நான் ஒருநாளும் சம்மதிக்கமாட்டேன்.

மடு மாதா கோயிலுக்குப் போகிற எங்கள் கத்தோலிக்கச் சகோதரர்களிடமும் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். யேசுவை விசாரித்த தலைமைக் குரு, பழைய தமிழ் மொழிபெயர்ப்பின்படி, "இவன் தேவதூஷணம் சொன்னான், இனிச் சாட்சிகள் நமக்கு வேண்டியதென்ன?" என்கிறார். தேவதூஷணம் என்றால் தெய்வநிந்தைதான். அந்த ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துபோயிற்று.

இந்த நாட்டிலும் நடந்திருக்கிறது. 2019 மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் உடுத்திருந்த சட்டையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்டிருந்தது. அதைத் தர்மச்சக்கரம் என்று கொண்டு, பௌத்தத்தை அவமதித்தாள் என்று கைதுசெய்து விளக்கமறியலில் வைத்தார்கள். அதற்குக் கையில் எடுத்தது மனித உரிமைக்கென்று வந்த 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். அவமதிப்பு என்ற அகலமான சொல் அதிகாரத்தின் கையில் போனால் இப்படித்தான் ஏழைகளின் மேல் விழும். சிறுபான்மையாக வாழும் நாங்களா அந்தச் சொல்லை இன்னும் அகலமாக்குவது?

குற்றவாளி தப்பிவிடுவான் என்றாரே அக்கா, அதற்கு வருகிறேன். கோயிற் சொத்தில் கைவைத்தவனைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சிவத்துரோகி என்கின்றன. நிந்தையைவிடப் பாரமான சொல் அது. வாயால் ஏசுவது நிந்தை. கையால் அழிப்பது துரோகம். 2023 மார்ச்சில் வவுனியா வெடுக்குநாறி மலைச் சிவன் கோயிலில் விக்கிரகங்களை உடைத்தும் பெயர்த்தும் போட்டிருந்தார்களே, அதற்குரிய சொல் இதுதான். 1999 நவம்பரில் மடுக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் எறிகணை விழுந்ததே, போரில் மாண்ட பிள்ளைகளைப் புதைத்த துயிலும் இல்லங்களை இடித்துக் கிளறினார்களே, இவற்றையும் செருப்புக்காலோடு வந்த சிறுவனின் பிழையையும் ஒரே பெயரால் அழைத்தால் இலாபம் யாருக்கு? இடித்தவனுக்குத்தான். சின்னப் பிழைக்கெல்லாம் பெரிய சொல்லைச் செலவழித்துவிட்டு, மலையை உடைக்கிறவன் வரும்போது அவனைச் சுட்ட எங்களிடம் ஒரு சொல்லும் மிஞ்சியிராது.

துடக்கு, அபசாரம், முறைப்பாடு, நிந்தை, துரோகம் என ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வேண்டும் என்பதே எங்கள் அணியின் வாதம். தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், ஐயா. வணக்கம்.