பத்தே முக்கால் யூரோ

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மற்ற வணக்கங்களை எனக்கு முன்னால் பேசியவர்களே சொல்லித் தீர்த்துவிட்டார்கள்.

‘கால்பந்துக் கழகத்தை வாழவைப்பது முதலாளியின் பணமா, ரசிகனின் பற்றா?’ என்பது தலைப்பு. பணம்தான் என்று முழங்கிய எதிரணி அண்ணன், உட்காருவதற்கு முன் எங்கள் பக்கம் திரும்பி ஒரு குத்து விட்டார். ஸ்பெயின் நாட்டின் ரியல் ஒவியேதோ கழகத்தைத்தான் நாங்கள் தூக்கிக்கொண்டு வருவோம் என்பது அவருக்குத் தெரியும். “ஆளுக்குப் பத்து யூரோ போட்டார்களாம், கழகம் பிழைத்ததாம். மொய் எழுதியவனெல்லாம் மாப்பிள்ளைக்குத் தகப்பனா?” என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். நல்ல கேலிக்குக் கைதட்டாமல் இருப்பது பாவம்.

ஆனால் அண்ணே, அந்த மொய் நோட்டைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள். யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று சபைக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

அதற்கு முன், அந்த வீட்டுக்கு மொய் எழுதும் நிலை ஏன் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். வடக்கு ஸ்பெயினில் அஸ்தூரியாஸ் என்று மலையும் மழையும் நிறைந்த ஒரு மாகாணம். அதன் தலைநகர் ஒவியேதோ. 1926இல் தொடங்கிய கழகம், நீலச் சட்டை. 2001இல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. 2003இல் அடுத்த அடி. மைதானத்தில் தோற்றது ஒரு படி. ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி வைத்ததற்காக இன்னொரு படி. ஒரே கோடையில் இரண்டாம் நிலையிலிருந்து நான்காம் நிலைக்குப் போய் விழுந்தது. அந்த நேரம் பார்த்து நகர மேயர் இன்னொரு உள்ளூர் அணியைத் தட்டிக்கொடுத்தார். அதன் பெயரிலும் ‘ஒவியேதோ’வைச் சேர்த்து, இனி ஊருக்கு இதுதான் அணி என்கிற பாவனையில் நகராட்சி அதன் பின்னால் நின்றது. புதிய அணியிடம் அதிகாரத்தின் ஆசி இருந்தது. பழைய அணியிடம் கடன் இருந்தது. ரசிகன் எந்தப் பக்கம் போனான்? கடன் இருந்த பக்கம் போனான். கணக்குத் தெரிந்தவன் செய்கிற வேலையா இது? அண்ணன் தலையாட்டுகிறார். நன்றி, அதைத்தான் எதிர்பார்த்தேன்.

பிறகு ஏறினார்கள், 2007இல் மறுபடி விழுந்தார்கள், மறுபடி ஏறினார்கள். அந்தக் கதையை விரித்தால் நடுவர் மணியை அடித்துவிடுவார். நேராக 2012 நவம்பருக்கு வருகிறேன். மூன்றாம் நிலையில் ஆடிக்கொண்டிருந்த கழகத்துக்குக் கெடு வைத்தாயிற்று. நவம்பர் 17க்குள் 19 லட்சம் யூரோ திரட்டியாக வேண்டும். இல்லையென்றால் கதவைச் சாத்த வேண்டியதுதான். பங்குகளை விற்பனைக்கு விட்டார்கள். ஒரு பங்கு 10.75 யூரோ.

இப்போது நோட்டை விரிக்கிறேன்.

முதல் வரி, சாந்தி காசோர்லா, ஆர்சனல். இரண்டாவது, ஹுவான் மாட்டா, செல்சி. மூன்றாவது, மிச்சு, சுவான்சி. நான்காவது, அத்ரியான், அத்லெதிகோ மாட்ரிட். நால்வரும் இந்தக் கழகத்து வளர்ப்புகள்; பெயருக்குப் பின்னால் வாசித்தது அன்றைக்கு அவர்கள் ஆடிக்கொண்டிருந்த கழகம். அடுத்த வரியில் ஒரு பெரிய இடம்: ரியல் மாட்ரிட், ஒரு லட்சம் யூரோ. (அதே மாட்ரிட் 2025 ஆகஸ்டில் ஒவியேதோவுக்கு ஆட வந்து மூன்று கோல் போட்டு ஜெயித்துவிட்டுப் போனது. எழுதிய மொய்யைத் திரும்ப வசூலித்தவர்கள் அவர்கள் ஒருவர்தான்.)

அதற்குக் கீழே வருகிறவைதான் எனக்கு முக்கியம். ஸ்பெயினில் வாழும் சிட் லோ என்கிற ஆங்கிலப் பத்திரிகையாளர் ட்விட்டரில் இந்தச் செய்தியை விடாமல் எழுதினார். அதைப் படித்தவர்கள் பங்கு வாங்கினார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பல நாட்டுக்காரர்கள். ஒவியேதோ வரைபடத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

அண்ணே, மொய் என்பது என்ன? இன்றைக்கு நான் ஐந்நூறு எழுதினால் நாளைக்கு என் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் ஐந்நூற்றொன்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் என் மனைவி நோட்டைப் புரட்டிக் காட்டுவார். திரும்பி வரும் என்கிற நம்பிக்கையில் கொடுப்பதுதான் மொய். இந்த இருபதாயிரம் பேருக்கு என்ன திரும்பி வரும்? கடனில் மூழ்கிய மூன்றாம் நிலைக் கழகத்தின் பங்கை வைத்துக்கொண்டு யாரால் வட்டி எண்ண முடியும்? திரும்பாது என்று தெரிந்தே போட்டார்கள். அதற்கு மொய் என்று பெயர் வைத்தால் ஊரில் ஒருவனும் இனி விருந்துக்கு அழைக்க மாட்டான்!

“கெடு நாளில் கார்லோஸ் ஸ்லிம் வந்து இருபது லட்சம் யூரோ போட்டாரே, அதை மறைக்கிறாயா?” என்று அண்ணன் கேட்பார். மறைக்கவில்லை. மெக்சிகோ நாட்டுக்காரர், அன்றைக்கு உலகப் பணக்காரர் பட்டியலில் முதல் ஆள். அவர் பணம் வேண்டியிருந்தது, வந்தது. ஆனால் 2003இல் அவர் எங்கே இருந்தார்? 2007இல் எங்கே? இருபதாயிரம் பேர் வாசலில் நின்ற பிறகுதான் அந்தக் கார் வந்து நின்றது. ஆளில்லாத வீட்டுக்கு எந்தப் பணக்காரன் வழி விசாரிப்பான்? 2022இல் பச்சுகா என்கிற மெக்சிகோ நாட்டுக் குழுமத்தின் கைக்குப் பெரும்பான்மை மாறியதையும் நானே சொல்லிவிடுகிறேன், அண்ணனுக்கு வேலை மிச்சம்.

பணம் மட்டும் போதுமென்றால் மாலகா கழகத்தைப் பாருங்கள். 2010இல் கத்தார் நாட்டு ஷேக் வாங்கினார். 2013இல் ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் கால் இறுதி. 2023இல் மூன்றாம் நிலை. வலென்சியாவை 2014இல் சிங்கப்பூர்க் கோடீஸ்வரர் பீட்டர் லிம் வாங்கினார். 2009இல் நின்றுபோன புதிய ஸ்டேடியம் வேலை மறுபடி தொடங்க 2025 ஆயிற்று. போதும், அடுத்தவர் வீட்டுத் துக்கத்தில் எனக்குக் கைதட்டல் வேண்டாம்.

நடுவர் அவர்களே, மணியின் பக்கம் கை போவது தெரிகிறது. ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நோட்டில் முதல் வரியில் வாசித்தேனே, காசோர்லா, அவர். சிறுவனாக ஒவியேதோவில் பந்து பழகியவர். 2003இல் வீடு இடிந்தபோது பதினெட்டு வயதில் வில்லாரியல் கழகத்துக்குப் போனார். ஸ்பெயினுக்காக இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள், ஆர்சனலில் ஆறு ஆண்டுகள், கடைசியில் கத்தார். 2023இல், 38 வயதில், திரும்பி வருகிறேன் என்றார். சம்பளமே வேண்டாம் என்றார். ஆனால் விதி விடவில்லை. தொழில்முறை ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும்.

அந்த ஒப்பந்தப் பேச்சை நான் கற்பனை செய்து பார்ப்பதுண்டு. “எவ்வளவு வேண்டும்?” “ஒன்றும் வேண்டாம்.” “ஒன்றும் வேண்டாம் என்றால் சட்டம் ஒத்துக்கொள்ளாது.” “சட்டம் ஒத்துக்கொள்கிற மட்டும் கொடுங்கள்.”

பின்வரிசையில் கேட்கவில்லையா? மறுபடி சொல்கிறேன், எனக்கும் இதைச் சொல்லி அலுக்கவில்லை. உலகத்தில் எந்த ஆட்டக்காரனின் ஏஜென்ட்டும் மேசையைத் தட்டுவான், “இன்னும் கொடு” என்பான். இந்த ஒரு மேசையில் கழகத்துக்காரர் தட்டுகிறார்: “ஐயா, இதற்குக் கீழே இறக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை!” கணக்காளர் விதிப் புத்தகத்தைப் புரட்டுகிறார், இன்னும் குறைவான எண் எங்காவது இருக்கிறதா என்று ஆட்டக்காரர் எட்டிப் பார்க்கிறார். இது என் கற்பனை. குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டது உண்மை. நிபந்தனையும் ஒன்று உண்டு, அதுவும் உண்மை: தன் பெயர் பொறித்த சட்டை விற்கிற பணத்தில் பத்து சதவீதம் கழகத்தின் சிறுவர் பயிற்சிக்குப் போக வேண்டும். அண்ணே, இது உங்கள் நோட்டில் எந்தப் பக்கத்தில் வரும்? வரவா, செலவா?

இவ்வளவுக்கும் அந்தக் கால் எப்படிப்பட்ட கால் தெரியுமா? ஆர்சனலில் இருந்தபோது கணுக்காலில் கிருமி தொற்றியது. குதிகால் தசைநாணில் 8 சென்டிமீட்டரை அது தின்றுவிட்டது. அறுவை மேல் அறுவை. மகனைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தில் நடக்க முடிந்தாலே திருப்திப்பட்டுக்கொள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கணுக்காலை மூட, கையிலிருந்து தோலை எடுத்து ஒட்டினார்கள். அந்தக் கையில் மகளின் பெயரைப் பச்சை குத்தியிருந்தார். பெயரில் பாதி கையிலும் பாதி கணுக்காலிலுமாகப் பிரிந்துபோயிற்று. அந்தக் காலை எடுத்துக்கொண்டுதான் ஊருக்கு வந்தார்.

2024இல் மேலே ஏறுவதற்கான கடைசி ஆட்டத்தில் எஸ்பான்யோலிடம் தோற்றார்கள். 2025இல் மறுபடி அதே வாசல், எதிரே மிராந்தேஸ். முதல் ஆட்டத்தில் ஒரு கோல் தோல்வி. ஜூன் 21, சொந்த மைதானம் கார்லோஸ் தார்தியேரேயில் இரண்டாவது ஆட்டம், அதிலும் முதல் கோல் எதிரிக்கு. இரண்டு ஆட்டமும் சேர்த்து இரண்டு கோல் பின்தங்கிய நிலையில் பெனால்டி கிடைக்கிறது. யார் அடிப்பது? நாற்பது வயதுக்காரர் பந்தை எடுத்து வைத்தார். கோல். பிறகு சாயிரா ஒன்று. கூடுதல் நேரத்தில் போர்த்தியோ ஒன்று. 24 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் டிவிஷன். பயிற்சியாளர் யார் தெரியுமா? வெல்கோ பௌனோவிச். 2001இல் இறங்கிய அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தவர்!

நடுவர் அவர்களே, 2001இல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மைதானத்துக்குப் போன பத்து வயதுப் பிள்ளைக்கு 2025இல் 34 வயது. இடைப்பட்ட காலத்தில் அவனுக்குக் கோப்பையா கிடைத்தது? புழுதி மைதானங்களும் கிராமத்து அணிகளும்தான் கிடைத்தன. அப்பா அழைத்துப் போன அணி என்பதைத் தவிர அவன் போய்க்கொண்டிருந்ததற்கு வேறு காரணம் இருந்தால் எதிரணி எழுந்து சொல்லட்டும். அன்றைக்கு ராத்திரி அந்த ஊரில் எத்தனை பேர் பக்கத்து நாற்காலியில் அப்பா இல்லாமல் அழுதிருப்பார்கள்? அதற்கு எந்தக் கணக்காளர் ரசீது போடுவார்?

எனக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வதானால் சொல்லுங்கள், நடுவரே. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் உட்காருகிறேன்.