தக்கை அமுங்கும் நேரம்

வணக்கம் நேயர்களே. கோடையில் ஆற்றுக்குத் தூண்டில் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மீன் மும்முரமாகக் கடிக்கிற நேரமும், கரையை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரமும் பல சமயம் ஒன்றாகவே வந்து தொலைக்கும். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நல்ல வெயிலில் மீன் ஏன் கடிப்பதில்லை? தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். மீன் மடுவின் ஆழத்திலோ மர நிழலிலோ ஒதுங்கிவிடும். அந்த நேரத்தில் மண்புழுவைக் கோத்துப் போட்டால் நம் பொறுமைக்குத்தான் சோதனை.

பிற்பகலில் மேகம் கவியும்போது நிலைமை மாறுகிறது. வெளிச்சம் மங்குவதால் மீனுக்குத் துணிவு வருகிறது. காற்று மரக்கிளைகளை உலுக்கிப் பூச்சிகளை நீரில் கொட்டுகிறது. அலை எழுந்து, கரையில் நிற்கும் நம் உருவம் மீனின் கண்ணுக்குக் கலங்கிப்போகிறது. காற்றழுத்தம் இறங்குவதை உணர்ந்துதான் மீன் இரைக்குப் பாய்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒரு மில்லிபார் அழுத்தம் என்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம். இடிமழைக்கு முன் அழுத்தம் சில மில்லிபார் இறங்கினாலும், அந்த மாற்றத்தை மீன் நாலு விரற்கடை மேலே நீந்தி வந்தாலே உணர்ந்துவிடும்.

போன கோடையில் உறவுக்காரர்கள் சிலர் சேர்ந்து போயிருந்தோம். மத்தியானம் முழுக்கத் தக்கை, அதாவது மீன் கடித்தால் அமுங்கிக் காட்டும் மிதவை, அசையவில்லை. திடீரென்று புழுக்கத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு குளிர்ந்த காற்று. அடுத்த சில நிமிடங்களில் எல்லார் தக்கையும் அமுங்க ஆரம்பித்தது. சித்தப்பா மட்டும் ஒன்றும் பேசாமல் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, இப்பத்தான் கடிக்கவே ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஒரு பத்து நிமிஷம்!" என்றான் தம்பி.

"பத்து நிமிஷத்துல எது இங்க வரும்னு கொஞ்சம் மேல பாரு."

அவர் அந்தக் காற்றைக் கவனித்திருக்கிறார். இடிமேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மேல்கூட வளரும். அதிலிருந்து விழும் மழைத்துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே பாய்ந்து, தரையில் நாலா பக்கமும் பரவி, மழைக்கு முன்னாலேயே நம்மை எட்டிவிடுகிறது. ஆகவே கோடைப் புழுக்கத்தில் சில்லென்று ஒரு காற்று வந்தால் சுகமாக இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடக் கூடாது. மேகம் பக்கத்தில் வந்துவிட்டது.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுகிற வழக்கம் எல்லோருக்கும் தெரியும். ஒலி மூன்று விநாடியில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் போகும். முப்பது எண்ணினால் பத்து கிலோமீட்டர். ஆனால் மின்னல் சில சமயம் மழை பெய்யும் இடத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளிக்கூட இறங்கும், அதுவும் தலைக்கு மேல் நீல வானம் தெரியும்போதே. ஆற்றின் இரைச்சலில் தூரத்து இடி காதில் விழாமலும் போகலாம். என்னைக் கேட்டால், இடி கேட்டதென்றால் எண்ணிக்கொண்டிருக்காமல் எழுந்துவிட வேண்டியதுதான்.

அமெரிக்காவில் 2006-ஆம் ஆண்டு முதல் நேர்ந்த மின்னல் சாவுகளை ஆராய்ந்தவர்கள், ஓய்வு நேரப் பொழுதுபோக்கின்போது இறந்தவர்களில் மீன்பிடிக்கப் போனவர்களே முதலிடம் என்று கண்டார்கள். கோல்ஃப் ஆடுகிறவர்கள்தான் முதலில் வருவார்கள் என்று நினைப்போம்; அவர்கள் அதற்கு வெகு கீழே. யோசித்தால் ஆச்சரியம் இல்லை. வெட்டவெளி, ஈரமான கரை, கையில் நிமிர்த்திப் பிடித்த நீளமான கோல். இப்போது பலரும் வைத்திருக்கும் கார்பன் இழைக் கோல் மின்சாரத்தைக் கடத்தும். மூங்கில்தானே என்று தைரியம் கொள்ளவும் வழியில்லை, நனைந்துவிட்டால் அதுவும் கடத்தும். கோலைக் கீழே போட்டுவிட்டுத் தனி மரத்தடிக்கு ஓடுவதும் ஆபத்து. மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும், வேர் வழியே தரையிலும் பரவும். உலோகக் கூரை போட்ட காரோ சுவர்கள் உள்ள கட்டடமோதான் புகலிடம். ரப்பர் டயர் காப்பாற்றும் என்பது தவறு, காரின் உலோக உடம்புதான் மின்னலை நம்மைச் சுற்றித் தரைக்கு அனுப்புகிறது. ஒருவேளை யாரையாவது மின்னல் தாக்கிவிட்டால், அவரைத் தொடப் பயப்பட வேண்டாம். உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

சரி, அன்றைக்கு நாங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மழை கொட்டித் தீர்த்தது, கொஞ்ச நேரத்தில் விட்டும்விட்டது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது கணக்கு. பொறுத்தோம். மறுபடி இறங்கலாமா என்று தம்பி கேட்டபோது, நாங்கள் உட்கார்ந்திருந்த மணல் திட்டு தண்ணீருக்குள் இருந்தது. மேல்பக்கம் எவ்வளவு பெய்தது என்று கரையில் இருப்பவருக்குத் தெரியாது. தெளிந்த நீர் செம்மண் நிறமாவது, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வருவது, ஆற்றின் சத்தம் கனப்பது, இவைதான் அறிகுறி. வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும். அதற்குள் இறங்கிச் சிக்கிய தூண்டில் முள்ளை எடுக்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முள் போனால் போகட்டும்.

புதுவெள்ளத்தில் மீன் இழுப்பைத் தவிர்க்கக் கரையோரமாகவே ஒதுங்கும். மீசையால் இரை தேடும் கெளுத்தி வகைகளுக்குக் கலங்கல் ஒரு தடையே இல்லை. ஆசை வரும்தான். ஆனால் அந்தக் கரைதான் அப்போது அரித்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் தண்ணீர் வடிந்து, காவி நிறம் போய் லேசான பச்சை திரும்பிய பிறகுதான் மறுபடி போனோம். அன்றைக்கு நல்ல வெயில். தக்கை அசையவே இல்லை. நன்றி, வணக்கம்.