வேலை முடிந்த குழுவின் வேலை முடியாத அறை

நேயர்களுக்கு வணக்கம்.

ஐக்கிய நாடுகள் அமைப்பின் நியூயார்க் தலைமையகத்தைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் பாதுகாப்பு அவை கூடும் அறையைத்தான் காட்டுவார்கள். லாட வடிவ மேசை, பின்னால் சுவரை அடைக்கும் ஓவியம். அந்த அறையை வடிவமைத்தவர் நார்வேக்காரர். இன்னோர் அறையை அமைத்தவர் ஸ்வீடன்காரர். மூன்றாவது அறை டென்மார்க்கின் அன்பளிப்பு. கேமரா அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை, ஏனென்றால் அந்த அறைக்கு உரிய குழுவுக்கு இப்போது வேலையே இல்லை.

பொறுப்பாண்மைக் குழு என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 11 ஆட்சிப்பகுதிகள் தன்னாட்சியை நோக்கி நகர்வதை மேற்பார்வை செய்யப் பிறந்தது. கடைசிப் பகுதியான பலாவு என்ற பசிபிக் தீவு நாடு 1994 அக்டோபரில் விடுதலை பெற்றது. நவம்பர் 1 அன்று குழு தன் பணியை நிறுத்திக்கொண்டது. அறை மட்டும் ஓயவில்லை. வேறு கூட்டங்கள் இன்றும் அங்கே நடக்கின்றன. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

அறையை வடிவமைத்தவர் ஃபின் யூல். 1912இல் பிறந்தவர், கட்டடக் கலைஞர். இந்தப் பணி கைக்கு வந்தபோது வயது நாற்பதைத் தொட்டிருக்கவில்லை. சுவர்களுக்கு ஆஷ் மரப் பட்டைகள். மேலே வண்ண வண்ணப் பெட்டிகள் தொங்கும், விளக்குகளும் காற்றுக் குழாய்களும் அவற்றுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். சுவரில் ஹென்ரிக் ஸ்டார்க் தேக்கில் செதுக்கிய சிலை: கைகளை உயர்த்திப் பறவையைப் பறக்கவிடும் பெண். மேலே பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும். ஆனால் எனக்கு நாற்காலிப் பித்து. என்னைப் பேச அழைத்தவர்களுக்கும் இது தெரியும்.

நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியைத் தடவிப் பாருங்கள். உட்காரும் பலகை சட்டத்தோடு ஒட்டியிருக்கும், முதுகுப் பலகை பின்கால்களோடு ஒட்டியிருக்கும். யூல் இதைப் பிரித்தார். தாங்கும் மரம் வேறு, உடம்பை ஏற்கும் மெத்தை வேறு என்றார். மெத்தை சட்டத்திலிருந்து கொஞ்சம் விலகி, இடையில் காற்று புகும்படி நிற்கும். பார்ப்பதற்கு எளிமை, செய்வதற்குக் கொடுமை. யூல் தச்சுப் பட்டறையில் பயின்றவர் அல்லர். மரத்தால் எது முடியாது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, அதனால் முடியாததையெல்லாம் வரைந்தார். வரைந்ததைச் செய்து காட்டியவர் கோபன்ஹேகன் தச்சர் நீல்ஸ் வோடர். யூலின் பெயரைச் சொல்லும் இடத்தில் வோடரின் பெயரையும் சொல்லாதவர்களோடு எனக்குப் பேச்சு கிடையாது.

1940இல் இருவரும் சேர்ந்து பெலிக்கன் என்ற நாற்காலியைக் காட்சிக்கு வைத்தார்கள். உடம்பை இரு பக்கமும் அணைத்துக்கொள்ளும் பருத்த வடிவம். களைத்துப்போன வால்ரஸ், அதாவது தந்தம் நீண்ட பருத்த கடல் விலங்கு, என்று விமரிசகர் ஒருவர் எழுதிவிட்டார். அன்றைய டேனிஷ் ரசனைக்கு ஒல்லியான, நேரான, அடக்கமான நாற்காலிதான் ஒழுக்கம். ஒன்பது ஆண்டுகள் போயின. 1949இல் தச்சர் சங்கக் கண்காட்சியில், அகன்ற கைகளுடன் தோலால் போர்த்திய பெரிய நாற்காலியொன்றை வைத்தார்கள். கண்காட்சியைப் பார்க்க வந்த மன்னர் ஒன்பதாம் ஃப்ரெடரிக் நேரே போய் அதில் உட்கார்ந்துவிட்டாராம்! இந்தக் கதையை நான் எங்கே போனாலும் சொல்வேன், வீட்டில் சலித்துவிட்டார்கள். கேலி செய்யப்பட்ட வால்ரஸ் 2001இல் மீண்டும் தயாரிப்புக்கு வந்து, இன்று கடைகளில் கொழுத்த விலைக்கு விற்கிறது.

சரி, அறைக்கு வருவோம். அறை திறந்த 1952இல் ஐ.நா. உறுப்பு நாடுகள் 60. இன்று 193. ஆள் பெருகினால் இருக்கை பெருகும், மேசை நகரும், பழையது ஓரமாகும். இப்படியே அறையின் அமைப்பு கலைந்துபோனது. தலைமையகம் முழுவதையும் புதுப்பிக்கும் பெருந்திட்டம் வந்தபோது, கல்நார் அகற்றுவது உட்பட எல்லா வேலைக்காகவும் கட்டடங்களைத் திறந்தார்கள். டென்மார்க் தன் அன்பளிப்பை மறுபடியும் கையில் எடுத்தது. 2013 ஏப்ரலில் அறை மீண்டும் திறக்கப்பட்டது.

இனிதான் என் வழக்கு. பழைய அறையில் எதைத் திரும்பச் செய்யலாம், எதைப் புதிதாகச் செய்ய வேண்டும்? இரண்டையும் செய்தார்கள், இரண்டையும் சரியான இடத்தில் செய்தார்கள்.

பேராளர்களுக்காக யூல் வரைந்த கைவைத்த நாற்காலி மறுபடியும் தயாரானது. செய்தது டென்மார்க்கின் மேற்கு ஜட்லாந்தில் ரிங்கோபிங் ஊரிலுள்ள ஒன்கலெக்‌ஷன் நிறுவனம். யூலின் வாழ்க்கைத் துணைவிதான் முதலில் ஒரு சோபாவைச் செய்துதரக் கேட்டு, பிறகு 2001இல் மறுதயாரிப்பு உரிமையை அவர்களிடம் ஒப்படைத்தார். உரிமை பெற்றுச் செய்வது மறுபதிப்பு, பார்த்து அடித்து விற்பது திருட்டுப் பதிப்பு. புத்தகம் வாங்குபவர்களுக்கு இந்த வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

மறுதயாரிப்பை ஏளனம் செய்பவர்கள் உண்டு. வோடரின் கைபடாதது எப்படி அசலாகும் என்பார்கள். இன்று கணினி இயக்கும் இயந்திரம் கைப்பிடியின் வளைவைக் குடைந்து தருகிறது, இழைத்து மெருகேற்றுவது மனிதக் கை. மரமும் மாறிவிட்டது. அந்தக் கால டேனிஷ் தச்சர்கள் விரும்பிய பிரேசில் ஈட்டி மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. எனவே வால்நட்டும் ஓக்கும் அதன் இடத்துக்கு வந்தன. எனக்கு இதில் வருத்தமில்லை. கோடு யூலுடையது, உட்காரும் சுகம் யூலுடையது. ஏலத்தில் வாங்கிய அசல் நாற்காலிகளை அந்த அறையில் போட்டால், நாளெல்லாம் ஆள் உட்கார்ந்து எழும்போது சில ஆண்டுகளில் பொருத்துகள் தளர்ந்துவிடும். கோபன்ஹேகனுக்கு அருகே ஓர்ட்ரூப்பில் யூலின் சொந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது, அசல் அங்கே இருக்கட்டும்.

ஆனால் மேசைகள்? ஒலிவாங்கி, மொழிபெயர்ப்பு கேட்கும் கருவி, மின்கம்பி எல்லாம் மேசைக்குள் வந்துவிட்ட காலம். 1952இன் மேசையைத் திரும்பச் செய்து அதில் ஓட்டை போட்டால் பழமைக்கும் அவமானம், புதுமைக்கும் அவமானம். புதிய மரச்சாமான்களுக்காக டென்மார்க் 2011இல் போட்டி நடத்தியது. காஸ்பர் சால்டோ, தாமஸ் சிக்ஸ்கோர் இருவரும் வென்றார்கள். அவர்கள் யூலைப்போல் வரைய முயலவில்லை. வளைத்த மரத்தாலான முதுகு, உள்ளே மெத்தை. தங்கள் காலத்துக்குரிய நாற்காலியைச் செய்தார்கள். யூலின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று உடனே சொல்லிவிடலாம். போலி வேடம் இல்லை. நான் முன்பே சொன்னேன், அறை ஓயவில்லை என்று. வேலை செய்யும் அறைக்குப் புதிய மரச்சாமான் வேண்டும்.

1955 மார்ச்சில் ஜூலியஸ் நைரேரே என்ற பள்ளி ஆசிரியர் தாங்கன்யிகாவின் (இன்றைய டான்சானியாவின் பெரும்பகுதி) சார்பில் இந்தக் குழுவின் முன் பேச வந்தார். ஊர் திரும்பிய பிறகு ஆசிரியர் வேலையை விட்டார். 1961இல் அவர் நாடு விடுதலை பெற்றது. இந்த நாற்காலிகளைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்கு இப்படிப்பட்டவர்களும் ஒரு காரணம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை அசைக்கிறார்கள். கோபன்ஹேகனின் சாஸ் ராயல் ஹோட்டலைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், அது டேனிஷ் கட்டடக் கலைஞர் ஆர்னே யாக்கோப்சன் கதவுக் கைப்பிடி வரை வரைந்து 1960இல் திறந்த கட்டடம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 606ஆம் அறை ஒன்றை மட்டும் பழையபடி வைத்துக்கொண்டு, மற்றவற்றை 2018இல் புதுப்பித்தார்கள். அங்கும் யாக்கோப்சனின் பழைய நாற்காலிகளின் மறுதயாரிப்பும், இன்றைய வடிவமைப்பாளர்களின் வேலையும் ஒன்றாக இருக்கின்றன. அதில் எனக்குச் சில குறைகள் உண்டு, குறிப்பாக வண்ணங்களில். அவற்றைச் சொல்ல நேரமில்லை. வணக்கம்.