இரும்புப் படகுக்கு எந்தப் பெயின்ற்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, இரும்புப் படகின் அடியில் எந்தப் பெயின்ற் பூசினால் கறள் பிடிக்காது?" வாசித்ததிலிருந்து இந்தக் கேள்வி மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெயின்ற் பாதி வேலைதான், தம்பி. பழைய கறளை இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டிவிட்டு எப்பொக்சிப் பெயின்ற் பூசுங்கள். ஆனால் கரையேற்றும்போது ஒரு கல் உரசினால் போதும், அந்தக் கீறலில் கடல் வேலையைத் தொடங்கிவிடும்.

எலுமிச்சம்பழத்தில் செம்பும் நாகமும் (துத்தநாகம்) குத்தி மின்சாரம் எடுப்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? அதேதான் இங்கும் நடக்கிறது. படகைத் தள்ளும் வெண்கல விசிறியும் இரும்பு உடலும் ஒன்றோடொன்று தொட்டபடி உப்புநீரில் நிற்கின்றன. கரைவது இரும்பு. அதைவிட எளிதில் கரையும் நாகக் கட்டியை உடலில் முடுக்கிவிட்டால், இரும்புக்குப் பதிலாக நாகம் கரையும். பள்ளிக்கூடத்தில் படித்த கதோட்டுப் பாதுகாப்பு இதுதான். 1824இலேயே ஹம்பிரி டேவி பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டுக்கு இந்த வழியைச் சொன்னார். செம்பு தப்பியது. ஆனால் கரையும் செம்புதான் பாசியையும் சிப்பியையும் விரட்டும்; அது கரையாததால் அவை ஏறிவிட்டன! இதைப் பற்றி மட்டுமே ஒரு நாள் பேச வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், நாகக் கட்டிக்குப் பெயின்ற் பூசாதீர்கள். கரையேற்றியிருந்த ஒரு படகில், அடிப்பகுதியோடு சேர்த்துக் கட்டிகளுக்கும் அழகாகச் சிவப்பு அடித்திருந்தார்கள். "கட்டி தேயவே இல்லை, நல்ல சாமான்" என்றார் சொந்தக்காரர். பக்கத்திலேயே இரும்புத் தகடுகளை ஒட்டிய வரிசை நெடுகக் குழிகள், சிலவற்றில் விரல் நுனி போகும். கட்டி தேயாவிட்டால் இரும்பு தேய்கிறது என்று அர்த்தம்.

பைபர் (கண்ணாடியிழை) படகு வைத்திருக்கும் மற்றவர்களே, உண்மையில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அதன் எஞ்சினைப் பற்றி. பைபர் கறள் பிடிக்காது, சரி. ஆனால் எஞ்சினின் கால் அலுமினியக் கலவை. விசிறிக்கு மேலே அதற்கும் ஒரு சிறு கட்டி இருக்கிறது. எத்தனை பேர் அதைக் குனிந்து பார்த்திருக்கிறீர்கள்? மாரியில் களப்பு நீரில் உப்புக் குறையும்போது நாகத்தின் மேல் தோல் படர்ந்து அது வேலை செய்யாமல் போகலாம். அங்கே ஓடுபவர்களுக்கு அலுமினியக் கட்டிதான் நல்லது. மக்னீசியம் நன்னீருக்கு மட்டும், கடலில் சீக்கிரம் தீர்ந்துவிடும். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். புதியதை முடுக்குமுன் அது உட்காரும் இடத்தைக் கம்பிப் பிரஷால் உலோகம் தெரியத் தேய்த்துக்கொள்ளுங்கள், இடையில் பெயின்ற் இருந்தால் மின்னோட்டம் போகாது.