வருகை ஆய்வு நல்கை: விண்ணப்பத்தில் எது எடுபடும்?

நேயர்களுக்கு வணக்கம். சேலம், ஏற்காடு, ஆத்தூர் வட்டாரக் கல்லூரிகளில் தமிழ், வரலாறு, மெய்யியல், இசை, நாட்டார் வழக்காறு ஆகிய துறைகளில் இருக்கும் ஆசிரியர்களையும் ஆய்வாளர்களையும் மனத்தில் வைத்து இதைப் பேசுகிறேன்.

வேறொரு பல்கலைக்கழகம் சில மாதங்களுக்கு உங்களை அழைத்து, உட்கார்ந்து எழுத ஓர் அறை, நூலக அட்டை, பல இடங்களில் மாதத் தொகையும் கொடுத்து, உங்கள் சொந்த ஆய்வைச் செய்யவிடுவதுதான் வருகை ஆய்வு நல்கை. இதில் பட்டம் கிடையாது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மானுடப் புலங்களுக்கென்றே 1969 முதல் ஓர் உயராய்வு நிறுவனம் இருக்கிறது. நம் நாட்டில், பல்கலைக்கழகமாக இல்லாவிட்டாலும், சிம்லாவின் இந்திய உயராய்வு நிறுவனம் 1965 முதல் இதே வேலையைச் செய்கிறது. அறிவிப்பைப் படிக்கும்போது தொகை உண்டா, இடம் மட்டும்தானா என்பதை முதலில் பாருங்கள். சில நல்கைகளில் பணம் கிடையாது; பயணம், வாடகை எல்லாம் நம் பொறுப்பு. இங்கிலாந்துக்குக் குறுகிய காலம் போகிறவர்கள் சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளையின் உதவிக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். அதுவும் முழுச் செலவுக்கும் போதும் என்று எண்ணிப் புறப்படக் கூடாது.

தேர்வுக் குழு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த வேலையை ஏன் இங்கே வந்து செய்ய வேண்டும்? பாதி விண்ணப்பங்கள் தோற்பது இதில்தான் என்பது என் எண்ணம். "அங்கே சிறந்த நூலகம் உள்ளது" என்பது பதிலாகாது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். "ஏற்காட்டின் சமூக வரலாறு" என்று தலைப்பு வைத்தால், அதற்கு எழும்பூர் ஆவணக் காப்பகமே பல ஆண்டுகளுக்குத் தீனி போடும். லண்டனுக்குப் போகத் தேவையில்லை. ஆனால் லண்டன் மிஷனரி சங்கத்தார் சேலத்தில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து பணியாற்றினார்கள். அவர்கள் தலைமையகத்துக்கு எழுதிய கடிதங்கள் இன்று லண்டன் பல்கலைக்கழகத்தின் ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரியான சோவாஸ் (SOAS) நூலகத்தில் இருக்கின்றன. "1830 முதல் 1870 வரை சேலத்திலிருந்து போன மிஷன் கடிதங்களில் சேர்வராயன் மலை மக்களும் காபித் தோட்டங்களும் எப்படிப் பதிவாகியிருக்கின்றன?" என்று கேட்டால் இடம், காலம், ஆவணம் மூன்றும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. சேலம்காரர் என்பது இங்கே பெரிய பலம். கடிதத்தில் ஓர் ஊர்ப் பெயர் சிதைந்து எழுதப்பட்டிருந்தாலும் அது மலையில் எந்த ஊர் என்று உங்களால் சொல்ல முடியும். அதை விண்ணப்பத்தில் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

அடுத்து, நூலகப் பட்டியலை இங்கிருந்தே இணையத்தில் பார்த்து, வேண்டிய ஆவணப் பெட்டிகளின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நாட்கணக்கு. மூன்று மாதம் என்றால் வாரம் ஐந்து நாள் வீதம் ஏறக்குறைய 60 வேலை நாட்கள். அட்டை வாங்க, வழி பழக ஒரு வாரம் போய்விடும். பழைய கையெழுத்துக் கடிதங்களுக்குப் பெட்டிக்கு இரண்டு நாள் வைத்தால், 18 பெட்டிக்கு 36 நாள். மிச்சம் ஏறத்தாழ 19 நாளில் எழுத்தும் ஒரு கருத்தரங்கப் பேச்சும். திட்டத்தில் 40 பெட்டி என்று எழுதினால் ஆவணக் காப்பகத்தில் வேலை செய்து பழகாதவர் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களை, அதாவது பிரிட்டிஷ் இந்திய ஆட்சியின் ஆவணங்களை, நம்பியிருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலால் அங்கே பட்டியல் சேவைகள் முடங்கின. ஆகவே வேண்டிய தொகுதி இப்போது கைக்குக் கிடைக்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்தபின் திட்டத்தில் சேருங்கள்.

குழுவில் இசை வல்லுநரும் இருப்பார், கிரேக்க மெய்யியல் படித்தவரும் இருப்பார். சேலம், தருமபுரிப் பக்கத்தின் பழைய பெயரான பாராமகால் என்றால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனி பெற்ற பகுதி என்று அரை வரி சேர்த்தால் போதும்.

பரிந்துரைக் கடிதங்களைப் பெரும்பாலும் பரிந்துரைப்பவரே நேரடியாக இணையத்தில் ஏற்ற வேண்டும். அதற்கான இணைப்பு அவருடைய மின்னஞ்சலில் ஸ்பேம் பகுதிக்குள் விழுந்து, கெடு தாண்டிப் போவது வழக்கம். கெடுவுக்கு மூன்று வாரம் முன்பே திட்ட வரைவை அவருக்கு அனுப்பி, இணைப்பு வந்ததா என்று போன் போட்டுக் கேளுங்கள். "கடின உழைப்பாளி, நல்ல குணமுள்ளவர்" என்ற கடிதம் உதவாது. உங்கள் கட்டுரை ஒன்றைப் பெயர் சொல்லி, அதில் என்ன புதிது என்று அவர் எழுத வேண்டும். அழைக்கும் பல்கலைக்கழகத்தில் உங்கள் துறைசார்ந்த ஒருவரிடம் முன்கூட்டியே தொடர்பு கொள்வதும் நல்லது. சில நல்கைகளில் அவருடைய அழைப்புக் கடிதம் கட்டாயம்.

அரசு, உதவிபெறும் கல்லூரி ஆசிரியர்களை அதிகம் படுத்துவது தடையில்லாச் சான்றும் விடுப்பு அனுமதியும். முதல்வரிடமிருந்து மண்டல இணை இயக்குநர் அலுவலகம் வழியாகச் சென்னைக்குக் கோப்பு போய்வர மாதக்கணக்கில் ஆகும். தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல், விண்ணப்பிக்கும்போதே முதல்வரிடம் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதானால், விசாவுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் எடுத்தால்தான் செல்லும். போய்ச் சேர்ந்ததும் முதல் தவணை கைக்கு வரத் தாமதமாகலாம். ஒரு மாதச் செலவும் வாடகை முன்பணமும் கையில் இருக்கட்டும்.

ஆவணத்தைப் படமெடுக்க அனுமதி உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். அனுமதித்தால், ஒவ்வொரு பெட்டியைத் தொடங்கும்போதும் அதன் எண் எழுதிய தாளை முதல் படமாக எடுங்கள். இல்லையென்றால் ஊர் திரும்பிய பிறகு எந்தக் கடிதம் எந்தப் பெட்டியில் இருந்தது என்று அடிக்குறிப்பு எழுத வழியே இருக்காது.